விரல் லீவு

பெங்களூரு
10-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மாறன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ, மாமா, இலக்கியா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் மாமா லாரியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தார் என்றாயே, இப்போது வேலைக்குப் போகிறாரா?

போனில் கேட்டால், "நல்லா இருக்கோம், சாப்ட்டியா, வச்சிரட்டுமா" என்று மூன்றே பேச்சில் கதவைச் சாத்திவிடுகிறாய். நான் திருச்சி ஹாஸ்டலில் படித்த காலத்தில் நாலு பக்கம் எழுதுவாய். நம் ஊர் பூலாம்பாடியில் எந்த வீட்டு மாடு கன்று போட்டது என்பது வரைக்கும் எனக்கு ஹாஸ்டலில் இருந்தபடியே தெரியும். அதனால்தான் இந்த வயதில் தபால் ஆபீஸைத் தேடி அலைந்து கவர் வாங்கினேன். பதிலும் தபாலில்தான் வர வேண்டும். போனில் சொன்னால் காதில் வாங்க மாட்டேன்.

ஒரு நல்ல சேதி. ரேஷன் கடைகளுக்கு எங்கள் கம்பெனி புது மெஷின் செய்கிறது. மெஷின் எப்படிப் பேச வேண்டும், எதற்குச் சரி சொல்ல வேண்டும், எதற்கு மறுக்க வேண்டும் என்று விதி எழுதுகிறவன் நான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பத்துக் கடைகளில் சோதனை. அதில் ஒன்று உன் நடுக்காட்டூர்க் கடை. நான்தான் பட்டியலில் சேர்த்தேன். ஏப்ரலில் வந்துவிடும். கார்டில் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் விரலை வைக்க வேண்டும். இத்தனை கிலோ என்று தமிழில் திரையில் வரும், வாயாலும் சொல்லும். எடை குறைந்தால் பில் போடாது. தொடர்ந்து மூன்று மாதம் ரேகை பொருந்தாவிட்டால் கார்டு தானாக நின்றுவிடும். அதிகாரி விசாரித்த பிறகுதான் திறக்கும். போலிக் கார்டுக்காரர்களுக்கு அதோடு கதை முடிந்தது.

அந்த மூன்று மாத விதி என் யோசனை. மேனேஜர் இளையபெருமாள் சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஆபீஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. அதனால் உன்னிடம் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
மணிமாறன்


நடுக்காட்டூர்
21-4-2024

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உன் மாமாவுக்கு இப்போது பரவாயில்லை. மகள் இலக்கியா பெரம்பலூர் ஹாஸ்டலில் இருந்துகொண்டு நர்சிங் படிப்பதில் இளைத்துப் போயிருக்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. புதிதாக ஒரு வெள்ளாடு வாங்கியிருக்கிறோம். வேறு விசேஷம் இல்லை.

உன் மெஷின் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பருப்பு வந்ததா வரவில்லையா என்று மூன்று நடை நடப்போம். இப்போது திரையிலேயே இருப்பு தெரிகிறது. எழுத்துத் தெரியாதவர்களும் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். "எந்தப் புள்ள செஞ்சானோ நல்லா இருக்கட்டும்" என்று வரிசையில் ஒரு அம்மா வாழ்த்தினார். அந்தப் பிள்ளை என் தம்பிதான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த ஆளுக்கு மெஷின் வேலையைக் காட்டிவிட்டது.

பாப்பாயி என்று ஒருத்தி. எங்கள் ஊர் முந்திரிக் கொட்டகை ஒன்றில் கொட்டை உடைக்கிறவள். அவள் விரலை வைத்தாள். "கைரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்" என்று உன் மெஷின் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. மறுபடி வைத்தாள். மறுபடி கத்தியது. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தாள். பத்துக்கும் கத்தியது. பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "யாரு கார்ட எடுத்தாந்த?" என்று ஒருவன் கேட்டான், விளையாட்டாகத்தான். அவள் பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பழைய மெஷினில் விழாவிட்டால், கடை நடத்தும் சிந்தாமணி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டுவிடுவாள். இப்போது அந்த வழி இல்லையாம், "மேல அடைச்சுட்டாங்கக்கா" என்றாள். அடைத்தவன் நீதானா? கொட்டகைப் பெண்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு இதே கதி.

மெஷினுக்கு யாரப்பா இவ்வளவு கத்தச் சொன்னது?

நேரத்துக்குச் சாப்பிடு. ஓட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு அக்கா,
அமிர்தவல்லி


பெங்களூரு
18-5-2024

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். ஆட்டுக்குப் பெயர் வைத்தாயிற்றா?

ஆமாம், நோட்டு வழியை அடைத்தவன் நான்தான். அந்த நோட்டில்தான் பல ஊர்களில் ஒரே ஆள் பத்துக் கையெழுத்துப் போடுகிறான். பாப்பாயி அம்மாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் புது மெஷின் என்றால் முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, நன்றாக அழுத்தி வைக்கச் சொல்.

நான் சொல்வது சரிதான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. உங்கள் கடையில் ஏப்ரலில் நூற்றுக்கு எழுபத்தோரு பேருக்குத்தான் ரேகை பொருந்தியது. மே மாதம் தொண்ணூற்றாறு! ஒரே மாதத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். பத்துக் கடைகளிலும் உங்கள் கடைதான் முதலிடம். சார் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

ஆடிக்கு இரண்டு நாள் லீவு போட்டு வரலாம் என்று இருக்கிறேன். மாமாவோடு கொள்ளிடம் போய் வர வேண்டும்.

அன்புடன்,
மாறன்


நடுக்காட்டூர்
9-6-2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரலில் அடுப்புச் சூடு பட்டுவிட்டது, பேனா பிடிக்க வரவில்லை. இலக்கியா லீவுக்கு வந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உன் தொண்ணூற்றாறைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது, மாறா. அது எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ பூலாம்பாடிக்காரன். நமக்கு மக்காச்சோளமும் பருத்தியும்தான் தெரியும். முந்திரி தெரியாது. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் தோடு பிளக்கும். அந்தத் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து, கறுத்து, உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். என்ன சாம்பல் தொட்டாலும் ஒரு மாதத்தில் விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அதில் ரேகைக்கு எங்கே போவது? சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறாய். தலைகீழாக நின்று கழுவினாலும் வராது.

ஏப்ரலில் பட்ட அவமானத்துக்குப் பிறகு ஊரிலுள்ள ஏழெட்டுக் கொட்டகைப் பெண்களும் கூடிப் பேசினார்கள். அரிசி போடும் தேதிக்கு முந்தைய ஏழு நாள் யாரும் கொட்டை உடைக்கப் போவதில்லை. விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். தோல் கொஞ்சம் வளர்ந்து கோடு தெரிந்ததும் ஓடிப்போய் வைத்துவிட்டு, மறுநாள் மறுபடி கொட்டகைக்கு. இதற்குப் பெயர் விரல் லீவு. மேஸ்திரியிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "நாளையிலேர்ந்து வெரல் லீவுங்க." மாதத்தில் ஏழு நாள் கூலி இல்லை. நீ பெரிய திரையில் போட்டுப் பார்த்தது அதைத்தான்.

பாப்பாயியால் லீவு போட முடியவில்லை. அவள் ஒருத்தி கூலியில்தான் அடுப்பு எரிகிறது. மே மாதமும் விழவில்லை. ஜூனில் பயந்துபோய் ஏழு நாள் வீட்டில் இருந்தாள். அப்படியும் விழவில்லை. புதிதாகக் கொட்டகைக்கு வந்தவள், வெந்த புண் ஆறவே பத்து நாள் பிடிக்கிறது. மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன் விதிப்படி கார்டு நின்றுவிட்டது. திரையில் "சந்தேகத்துக்குரிய அட்டை" என்று சிவப்பில் வந்தது. எழுத்துத் தெரியாதவர்கள் சிரமப்படக் கூடாதென்று மெஷின் அதையும் வாயால் சொன்னது.

ஆடிக்கு வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், எல்லாம் இறைந்து கிடக்கிறது.

அக்கா


பெங்களூரு
20-6-2024

அன்புள்ள அக்கா,

விரல் சூடு எப்படி இருக்கிறது? கள்ளிப்பால் அது இதென்று தடவாதே, ஜெயங்கொண்டம் போய் டாக்டரிடம் காட்டு. ஆடி மாதத்தில் யார் வெள்ளையடிக்கிறார்கள்? இலக்கியா கடைசியில் ஒரு வரி எழுதி, படிக்க முடியாதபடி கிறுக்கி வைத்திருக்கிறாளே, அது என்ன?

உன் கடிதம் வந்த அன்றே கடைக் கணக்கை எடுத்தேன். ஆபீஸில் உட்கார்ந்து தேதிவாரியாகப் பார்த்தேன். உங்கள் கடையில் பெண்கள் எல்லாரும் குறிப்பிட்ட இரண்டே நாளில் வந்து குவிகிறார்கள். மற்றக் கடைகளில் அப்படி இல்லை. இது இத்தனை நாளும் என் கண் முன்னால்தான் இருந்தது, அக்கா. நல்ல பழக்கம் என்று நினைத்தேன். மெஷினை நாங்கள் எங்கள் விரலில் வைத்துத்தான் சோதித்தோம். இருபது பேர். பேனாவும் காபி டம்ளரும் தவிர எதையும் தொடாத விரல்கள்.

சாரிடம் சொன்னேன். "கேள்விப்பட்டதை வச்சு விதியை மாத்த முடியாது, ஒரு ஆள் போய் உக்காந்து பாக்கட்டும்" என்றார். நானே கிளம்புவேன். நீ வராதே என்கிறாய். அதனால் என்னோடு வேலை செய்யும் பிரவீணாவை அனுப்புகிறேன். நம் பெரம்பலூர்ப் பெண்தான். ஆகஸ்ட் முதல் வாரம் வருவாள்.

அதற்குள் பாப்பாயி அம்மாவின் கார்டு நம்பரை எனக்கு அனுப்பு. அதை மட்டும் நான் இங்கிருந்தே திறந்துவிடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது.

மாறன்


நடுக்காட்டூர்
4-7-2024

மாறனுக்கு,

சுகம். விரல் ஆறிவிட்டது, நானேதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம்பர் தர மாட்டேன். பாப்பாயியிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் தொறந்து வுட்டா, மத்தவ மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்?" என்றாள். அவள் கொட்டகையில் மட்டும் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஐந்து பேர் கார்டு இப்போது நிற்கிறது. அவளுக்கு இரக்கம் வேண்டாமாம், அரிசிதான் வேண்டுமாம், அதுவும் வரிசையில் நின்று வாங்குகிற அரிசி. அவளுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

அந்தப் பெண் வரட்டும். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். கொட்டகைக்கும் கடைக்கும் போனால் போதும்.

அக்கா


நடுக்காட்டூர்
11-8-2024

மணிமாறன் சாருக்கு,

வணக்கம். நான் நலம். பத்து நாளில் எழுதிய குறிப்பு நோட்டைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதம். இதை மெயிலில் எழுத முடியாது, நம் மெயிலைக் குழுவில் எல்லாரும் படிப்பார்கள்.

முதல் இரண்டு நாள் நோட்டும் பேனாவுமாகக் கொட்டகையில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். எல்லாரும் "நல்லாத்தாங்க இருக்கு" என்றார்கள். மூன்றாம் நாள் நோட்டை மூடிவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்தேன். அப்புறம்தான் பேச்சே வந்தது. நான் ஒரு கொட்டை உடைப்பதற்குள் அவர்கள் பத்து உடைத்துவிடுகிறார்கள். சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள். கடையில் சிந்தாமணி அக்கா எண்ணூறு கார்டுக்காரர்களையும் முகம் பார்த்துப் பெயர் சொல்கிறார். நம் மெஷினில் அவருக்கு ஒரு சொல்கூட இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

சார், உங்கள் அக்கா சொன்ன பாப்பாயியைத் தேடினேன். கொட்டகையில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. பாப்பாயி என்பது உங்கள் அக்கா வீட்டு வெள்ளாட்டின் பெயர்.

நின்றுபோன கார்டு உங்கள் அக்காவுடையது. நின்ற கார்டுகளின் பட்டியலில் மூன்றாவது பெயர், அமிர்தவல்லி, கணவர் ராசாங்கம். நாம் இருவரும் அந்தப் பட்டியலை எத்தனை தடவை பார்த்திருப்போம். நம்பராகவே பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரியில் உங்கள் மாமா விழுந்ததில் முதுகெலும்பில் அடி. எழுந்து உட்கார்கிறார், நாலடி நடக்கிறார், அவ்வளவுதான். லாரி வேலை போய்விட்டது. மார்ச்சிலிருந்து அக்கா கொட்டகைக்கு வருகிறார். ஜூனிலிருந்து கொட்டகைப் பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசி எடுத்து வந்து அவர் பையில் போடுகிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்கிறார். அந்த நேரம் மட்டும்தான் அவர் பேசுவதில்லை. மற்ற நேரம் கொட்டகையே அவர் வாயால்தான் கலகலப்பாக இருக்கிறது.

நான் யாரென்று முதல் நாளே தெரிந்துகொண்டார். "எந்தம்பிகிட்ட சொன்னா, அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ல வந்து நிப்பான். அதே பஸ்ல திருப்பி அனுப்பிருவேன். அவன் வேலையை ஒழுங்காப் பாக்கச் சொல்லு, அது போதும்" என்றார். சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறி எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரவீணா


பெங்களூரு
27-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதைச் சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

பிரவீணா வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேள். எங்கள் ஆபீஸ் கதவு விரலை வைத்தால்தான் திறக்கும். திங்கட்கிழமை காலை அவள் விரலை வைத்தாள், திறக்கவில்லை. கறுத்துத் தோல் உரிந்த விரல். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். பின்னால் நாங்கள் எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறோம். எவனோ ஒருவன் சிரித்தான். இளையபெருமாள் சார் உள்ளிருந்து வந்து கதவைத் திறந்தார். அவள் கையைப் பார்த்தார். "இந்தக் கை நம்ம நூத்துல எங்கம்மா வருது? அந்த மீதி நாலுலயா?" என்று கேட்டார். "இல்ல சார், வேலைக்குப் போகாம வூட்ல இருந்தா தொண்ணூத்தாறுல வந்துருவேன்" என்றாள் அவள்.

அன்று மாலையே மூன்று மாத விதியை எடுத்துவிட்டோம். நானே எழுதிய விதியை நானே அழித்தேன். பத்துக் கடைகளிலும் நின்றுபோயிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கார்டும் செப்டம்பர் முதல் தேதி திறந்துவிடும். போலி என்று நினைத்தவற்றில் பாதிக்கு மேல் கொட்டை உடைக்கிறவர்கள், சித்தாள்கள், கல் உடைக்கிறவர்கள். புது முறை வரும் வரைக்கும் சிந்தாமணி அக்கா பழையபடி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

இப்போது பாப்பாயி அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். ரேகை விழாதபோது மெஷின் என்ன பேச வேண்டும்? இங்கே நாங்கள் எழுதுவதெல்லாம் போலீஸ்காரன் பேச்சு மாதிரி இருக்கிறது. அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே வைக்கிறேன். எப்படிப்பட்ட மனுஷி அவர்! பசியோடு இருந்துகொண்டு, எனக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. அவர் வீட்டுக்காரரைப் பாய் விரித்துத் தரையில் படுக்கவிட வேண்டாம், முதுகுக்கு ஆகாது. பலகைக் கட்டில் நல்லது.

என் பிரியமெல்லாம்,
மாறன்


நடுக்காட்டூர்
22-9-2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை நன்றாகப் பெய்தது. பலகைக் கட்டில் நல்லதுதான்.

கார்டு திறந்துவிட்டது. பாப்பாயி வரிசையில் நின்று வாங்கினாள்.

நீ கேட்டதைக் கொட்டகையில் எல்லார் நடுவிலும் போட்டேன். ஒரு நாள் பூராவும் அதே பேச்சு. கடைசியில் பாப்பாயி சொன்னாள், "வூட்டுக்கு வந்த ஆள வாசல்ல நிக்க வச்சு, நீ யாரு நீ யாருன்னு மூணு தரம் கேப்பமா? தெரியலைன்னா, உள்ள வந்து உக்காருங்க, பாப்பம்னுதான சொல்லுவோம். அத மெஷின் சொன்னா என்னவாம்?" ஆகவே எங்கள் வார்த்தை இது: "ரேகை விழலைங்க, பரவால்ல. வேற வழி இருக்கு, இருங்க." இதையும் காதோடு சொல்வது மாதிரி மெதுவாகச் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டியது அரிசி எத்தனை கிலோ என்பதைத்தான். அது மெதுவாக வந்தால் எங்களுக்கு நஷ்டம்.

சந்தேகம் என்கிற சொல்லை அடியோடு எடுத்துவிடு. அது சிவப்பில் வந்த அன்றைக்குப் பாப்பாயி வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சிந்தாமணி பாவம். எண்ணூறு பேரைத் தெரிந்தவளைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, விரலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது உன் மெஷின். அவளையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்.

அக்கா


பெங்களூரு
30-11-2024

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இரண்டு மாதம் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே, மூச்சு விட நேரமில்லை.

டிசம்பரில் உங்கள் கடைக்குப் புது முறை வருகிறது. விரல் விழுந்தால் சரி. விழாவிட்டால், ஒரே தடவைதான் கேட்கும், பிறகு கண்ணைப் பார்க்கும். சின்னக் கண்ணாடிப் பெட்டி, முன்னால் நின்று பார்த்தால் போதும், தொட வேண்டியதில்லை. கண்புரை இருக்கிறவர்களுக்கு அதுவும் சரியாக வராது. அதற்கு மூன்றாவதாக ஒரு பொத்தான், சிந்தாமணி அக்காவுக்கு. அதன் மேல் எழுதியிருப்பது: "இவரை எனக்குத் தெரியும்." அவர் அமுக்கினால், திரையில் இருக்கும் போட்டோவோடு ஒத்துப் பார்த்துவிட்டு அரிசியைப் போடலாம். அதிகாரி கேட்டால் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். யாரும் வெறும் பையோடு திரும்பக் கூடாது என்பதுதான் இப்போது முதல் விதி.

அந்தப் பொத்தானுக்கு இங்கே பெரிய சண்டை. ஏமாற்றுவார்கள் என்றார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதானே. இளையபெருமாள் சார்தான் முடித்து வைத்தார். "அன்னிக்கு பிரவீணாவுக்குக் கதவு எப்படித் தெறந்துச்சு? எனக்கு அவங்களைத் தெரியும்னுதானே?" என்றார்.

மெஷினுக்குக் குரல் பிரவீணாவுடையது. பாப்பாயி அம்மா சொன்ன வார்த்தையில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. இனி விரல் லீவு வேண்டாம் என்று கொட்டகையில் சொல்லிவிடு.

மாறன்


நடுக்காட்டூர்
22-12-2024

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம் என்று இதுவரைக்கும் எழுதியதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படி.

புது மெஷின் வந்ததும், எல்லாரும் கொட்டகையிலிருந்து நேராகக் கடைக்குப் போனோம். கை நிறையக் கறுப்பும் சாம்பலுமாக, லீவு போடாமல். முதலில் நான் போகிறேன் என்று முன்னால் நின்றேன். விரலை வைத்தேன். "ரேகை விழலைங்க, பரவால்ல. வேற வழி இருக்கு, இருங்க" என்று பிரவீணா குரல் என் காதோடு சொன்னது. நான் சொன்ன வார்த்தை, மாறா. எனக்கே திரும்பி வந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கச் சொன்னாள் சிந்தாமணி. எங்கே பார்ப்பது? கண் முழுக்கத் தண்ணீர். அது பாட்டுக்கு இருங்க இருங்க என்கிறது. "அழுவாதக்கா, தெரியும்ல எனக்கு" என்று சிந்தாமணி அவள் பொத்தானை அமுக்கிவிட்டாள். கண்புரை இல்லாமல் அந்தப் பொத்தானை முதலில் உபயோகித்தவள் நானாகத்தான் இருப்பேன். அரிசி எத்தனை கிலோ என்பதை மெஷின் சத்தமாகச் சொன்னது. கொட்டகையே கை தட்டியது.

பாப்பாயிக்கு அரிசி கிடைத்துவிட்டது. சோறு வடித்துத் தின்றது நானும் உன் மாமாவும்தான். பிடி பிடியாகப் போட்டவர்களுக்கெல்லாம் மறுநாள் அந்த அரிசியில் பொங்கல் வைத்துக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

உனக்குத் தெரியும் என்பது எனக்கு உன் ஆகஸ்ட் கடிதத்திலேயே தெரியும். பாப்பாயி வீட்டுக்காரருக்கு முதுகு சரியில்லை என்று நான் உனக்கு எந்தக் கடிதத்தில் எழுதினேன்? கட்டிலைப் பற்றிப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஆனாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காமல், பாப்பாயியைப் பாப்பாயியாகவே வைத்து எழுதினாய் பார், அதற்கு உன்னை எத்தனை மெச்சினாலும் தகும். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய். பெரிய இடத்து மருமகள் என்று உன்னிடம் அளந்த வாயால் கொட்டை உடைக்கப் போகிறேன் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வருகிறது. நாற்பது பேரில் நான்தான் மூன்றாவது வேகம்.

உண்மையான பாப்பாயி இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்திருக்கிறேன். உற்றுப் பார்க்காதே, கோடு ஒன்றும் இருக்காது. வெறும் மைக்கறைதான். இது யாருடையது என்று உன் மெஷினைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

உன் அக்கா,
அமிர்தவல்லி


பெங்களூரு
30-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். போகிக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வந்து இறங்குவேன். மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை, பயப்படாதே. மாமாவுக்குத் திருச்சியில் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். அவரை அழைத்துப் போக மட்டும் எனக்கு அனுமதி கொடு. குட்டிகளுக்கு நான் வந்துதான் பெயர் வைக்க வேண்டும்.

உன் மை ரேகையை என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக விதி எழுதும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று. நேற்று ஒருவன் வந்து, இது என்ன மைக்கறை, யாருடையது என்று கேட்டான்.

இவரை எனக்குத் தெரியும் என்றேன்.

உன் தம்பி,
மாறன்